மூத்த வீரரை மாற்றலாமா? – ஒரு விளையாட்டுக் கணக்கு

2025 நவம்பர் 15 அன்று வந்த செய்தி நம் வகுப்பை இரண்டாகப் பிரித்துவிட்டது. சென்னை சூப்பர் கிங்ஸ் அணி ரவீந்திர ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தான் ராயல்ஸுக்குக் கொடுத்து, பதிலுக்கு சஞ்சு சாம்சனை வாங்கிக்கொண்டது. "துரோகம்"னு பாதிப் பேர். "வேற வழியில்ல"ன்னு பாதிப் பேர். கத்துறதை விட்டுட்டு, கணக்கு போட்டுப் பார்ப்போமே என்றுதான் இந்தக் கட்டுரை.

ஜடேஜா யார்?

2012-ல் சென்னைக்கு வந்தார். சென்னை அணி தடையில் இருந்த 2016, 2017 இரண்டு வருடம் மட்டும் குஜராத் லயன்ஸ். மற்றபடி 2025 வரை இங்கேதான். 2018, 2021, 2023 மூன்று கோப்பையிலும் அவர் பங்கு உண்டு. 2023 இறுதி ஆட்டத்தை யாரும் மறக்க முடியாது. கடைசி 2 பந்தில் 10 ரன் வேண்டும். ஒரு சிக்ஸர், ஒரு பவுண்டரி. அவ்வளவுதான், கோப்பை நமக்கு!

அப்புறம் ஏன் மாற்றினார்கள்?

2025-ல் சென்னை 14 ஆட்டத்தில் 4 மட்டுமே ஜெயித்து, முதல் முறையாகக் கடைசி இடத்துக்குப் போனது. சேப்பாக்கத்தில் பெங்களூரிடம் 2008-க்குப் பிறகு முதல் தடவையாகத் தோற்றது. ஜடேஜா மட்டும் காரணமா? இல்லவே இல்லை. அவர் 300 ரன்னுக்கு மேல் எடுத்தார், 10 விக்கெட்டும் எடுத்தார். ஆனால் அவருக்கு அந்த டிசம்பரில் 37 வயது. விக்கெட் கீப்பர் தோனிக்கு 44. அடுத்து கீப்பிங் நிற்க ஆள் வேண்டும், மேலே இறங்கி அடிக்கவும் ஆள் வேண்டும். சாம்சன் இரண்டும் செய்வார். வயது 31.

இப்போது பணக் கணக்கு. ஜடேஜாவுக்கு 18 கோடி, கரனுக்கு 2.4 கோடி, மொத்தம் 20.4 கோடி போனது. சாம்சனுக்கு 18 கோடி வந்தது. மிச்சம் 2.4 கோடி. (ராஜஸ்தானில் ஜடேஜாவின் சம்பளம் 14 கோடியாகக் குறைந்தது.) ஆக, பணத்துக்காக மட்டும் செய்த மாற்றம் இல்லை இது. முக்கியமாக வாங்கியது 5, 6 வருட வயதைத்தான்.

கூடைப்பந்து சொல்லும் பாடம்

அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்தில் இந்தக் கேள்வி அடிக்கடி வரும். 2013-ல் பாஸ்டன் செல்டிக்ஸ் தன் மூத்த நட்சத்திரங்கள் கெவின் கார்னெட், பால் பியர்ஸ் இருவரையும் புரூக்ளினுக்குக் கொடுத்தது. பதிலுக்குப் புது வீரர்களை முதல் சுற்றில் தேர்ந்தெடுக்கும் உரிமைகளை வாங்கியது. அதன் வழியாகத்தான் ஜெய்லன் பிரவுனும் ஜேசன் டேட்டமும் வந்தார்கள். 2024-ல் கோப்பை! ஆனால் 11 வருடம் காத்திருக்க வேண்டியிருந்தது.

இதற்கு நேர் எதிர் சான் அன்டோனியோ ஸ்பர்ஸ். 1997-ல் வந்த டிம் டங்கனை அவர்கள் மாற்றவே இல்லை. 2014-ல், 38 வயதில், அவர் மறுபடியும் கோப்பை வாங்கிக் கொடுத்தார். பக்கத்தில் காவை லெனர்ட் என்ற இளைஞர் வளர்ந்திருந்தார்.

ஒரு வித்தியாசத்தைக் கவனியுங்கள். என்.பி.ஏ.யில் தோற்ற அணிக்கு நல்ல புது வீரரை முதலில் எடுக்கும் வாய்ப்பு அதிகம். அதனால் சில வருடம் தோற்றாலும் லாபம் உண்டு. ஐ.பி.எல்.-ல் அப்படி இல்லை. கடைசி இடம் வந்தாலும் ஏலத்தில் எல்லாரும் போலப் பணம் போட்டுத்தான் எடுக்கணும். ஆகவே இங்கே பெரிய வீரரைக் கொடுத்தால், உடனே ஆடக்கூடிய ஆள் பதிலுக்கு வர வேண்டும். சென்னை அப்படித்தான் செய்தது.

மறுபக்கம்

2020-ல் சென்னை 7-வது இடம். "கிழட்டு அணி, கலைச்சிடுங்க"ன்னு அப்பவும் சொன்னாங்க. கலைக்கவில்லை. 2021 இறுதி ஆட்டத்தில் 37 வயது டு பிளெஸ்ஸி 86 ரன். அதே வருடம் இளைஞர் ருதுராஜ் 635 ரன் எடுத்து ஆரஞ்சுத் தொப்பி வாங்கினார். பெரியவரும் சின்னவரும் சேர்ந்து வாங்கிய கோப்பை அது.

என் கருத்து

எங்கள் வீட்டுத் தறியில் ஒரு பாவு முடியப்போகும்போது தாத்தா அதை முழுசாக அறுத்து எடுத்துவிட மாட்டார். அச்சிலும் விழுதிலும் பழைய பாவின் நுனி இருக்கும்போதே, புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாக அதோடு பிணைப்பார்கள். பழைய நுனியை உருவிவிட்டால் ஆயிரக்கணக்கான இழையையும் முதலில் இருந்து கோர்க்கணும். நாள் கணக்கில் வேலை.

சென்னை செய்த மாற்றம் கணக்கில் சரி என்றே நினைக்கிறேன். ஆனால் ஒரு குறை. ஜடேஜா போன ஒரு மாதம் கழித்து, 2025 டிசம்பர் ஏலத்தில், பிரசாந்த் வீர் என்ற 20 வயது இடதுகை சுழற்பந்து ஆல்ரவுண்டரை 14.2 கோடிக்கு எடுத்தார்கள். அவர் யாரைப் பார்த்துக் கற்க வேண்டுமோ, அவர் போய்விட்டார். இரண்டு வருடம் முன்பே அப்படி ஒரு பையனை ஜடேஜா பக்கத்தில் உட்கார வைத்திருந்தால், இன்றைக்கு இவ்வளவு வலி இருக்காது. தப்பு மாற்றியதில் இல்லை, தள்ளிப்போட்டதில் இருக்கிறது.

நமக்கு என்ன?

இது டி.வி.யோடு முடிகிற விஷயம் இல்லை. நம் பள்ளி வாலிபால் அணியில் ஆறு பேரும் 12-ம் வகுப்பு அண்ணன்கள். ஜெயிக்கணும் என்று எல்லா ஆட்டமும் அவர்களே ஆடுகிறார்கள். 9-ம் வகுப்புப் பசங்க தண்ணி பாட்டில் தூக்குகிறோம். மார்ச்சில் பொதுத்தேர்வு முடிந்தால் ஆறு பேரும் ஒரே நாளில் போய்விடுவார்கள். ஜூனில் வலைக்கு முன்னால் நிற்கப்போவது யார்?

அண்ணன்களை நீக்கச் சொல்லவில்லை. ஒவ்வொரு ஆட்டத்திலும் இரண்டு சின்னப் பசங்களை அவர்கள் நடுவில் நிறுத்துங்கள். சில புள்ளி போகலாம். போகட்டுமே! நுனி இருக்கும்போதே பிணைத்துவிட்டால் தறி நிற்காது.

உங்கள் கருத்தை எழுதி அடுத்த இதழுக்குக் கொடுங்கள்.