கடல் ஏன் கரிக்குது? புயல் ஏன் வங்கக்கடல்ல வலுக்குது?

கடல் ஏன் கரிக்குதுன்னு ஸ்கூல்ல கேட்டப்போ கிடைச்ச பதில் உங்களுக்கும் ஞாபகம் இருக்கும்: "ஆறுகள் உப்பைக் கொண்டுவந்து சேர்க்கின்றன." மார்க் வாங்க அது போதும். ஆனா ரெண்டு கேள்வி மிச்சம். ஆத்துத் தண்ணி மட்டும் ஏன் கரிக்கல? ஆறுகள் இன்னும் ஓடிட்டுத்தானே இருக்கு, அப்போ கடலோட உப்பு ஏறிக்கிட்டே போகணுமே?

முதல் கேள்வி ஈஸி. மழைத்தண்ணி காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடைக் கரைச்சுக்கிட்டு லேசான அமிலமா விழுது. அது பாறைகளை மெல்ல அரிச்சு சோடியம், கால்சியம் எல்லாத்தையும் இழுத்துட்டு வருது. ஆத்துல இதோட அளவு ரொம்பக் கம்மி, நாக்குக்குத் தெரியாது. கடல்ல தண்ணி ஆவியாகிப் போயிடும், உப்பு தங்கிடும். குளோரைடுல பெரும்பகுதி எரிமலை வாயுக்கள் வழியா வந்தது. இப்போ ஒரு கிலோ கடல்நீர்ல சராசரியா 35 கிராம் உப்பு இருக்கு.

ரெண்டாவது கேள்வியில ஒரு பெரிய விஞ்ஞானியே சறுக்கியிருக்கார். 1899-ல் அயர்லாந்தைச் சேர்ந்த ஜான் ஜோலி, கடல்ல இருக்கும் மொத்த சோடியத்தை, ஆறுகள் ஒரு வருஷத்துக்குக் கொண்டுவரும் சோடியத்தால வகுத்தார். சுமார் 9 கோடி வருஷம்னு வந்தது. அதுதான் பூமியோட வயசுன்னு சொன்னார். உண்மையான வயசு 450 கோடிக்கும் மேல!

தப்பு எங்கே? நாம படிச்ச மாஸ் பேலன்ஸ்லதான். உள்ளே வருவது கழித்தல் வெளியே போவது, சேருவதுக்குச் சமம். ஜோலி 'வெளியே போவது' பூஜ்ஜியம்னு வச்சுட்டார். நிஜத்துல சிப்பியும் பவளமும் கால்சியத்தை எடுத்துக்குது. கடலடிப் பாறையும் களிமண்ணும் சோடியத்தைப் பிடிச்சுக்குது. வற்றிப்போன கடல்கள் உப்புப் பாளமா நிலத்துல தங்கிடுது. வரவும் செலவும் கிட்டத்தட்ட சமம், அதனால கடலோட கரிப்பு பெருசா ஏறல. ஜோலி கண்டுபிடிச்சது ஒரு சோடியம் அணு கடல்ல சராசரியா எத்தனை காலம் தங்குதுங்கிறதைத்தான்.

சரி, இந்த உப்பு எல்லா இடத்துலயும் ஒரே அளவா இருக்கா? இல்லை. உப்பு கூடினா தண்ணி கனமாகும், சூடானா லேசாகும். அதனால கடல் அடுக்கு அடுக்கா நிக்குது. மேலே காற்று கலக்கிவிடும் வெதுவெதுப்பான அடுக்கு, நடுவுல வெப்பம் சட்டுனு குறையும் அடுக்கு, அடியில 4 டிகிரிக்கும் கீழே குளிர்ந்த ஆழ்கடல்.

ஹாஸ்டல்லயே செஞ்சு பார்க்கலாம். ஒரு கண்ணாடி டம்ளர்ல பாதிக்குக் கரிப்பா உப்புத்தண்ணி, ஒரு சொட்டு இங்க். மேலே சாதாத் தண்ணியை ஸ்பூன் முதுகுல படும்படி மெதுவா ஊத்துங்க. ரெண்டும் கலக்காம நிக்கும். மேலே ஊதிப் பாருங்க, அடித்தண்ணி லேசுல அசையாது.

வங்கக்கடல் இதே டம்ளர்தான். கங்கை, பிரம்மபுத்திரா, ஐராவதி, கோதாவரி எல்லாம் மழைக்காலத்துல நல்ல தண்ணியைக் கொண்டுவந்து மேலே மூடி போடுது. மற்ற கடல்கள்ல புயல் வீசும்போது அடியிலிருந்து குளிர்ந்த தண்ணி மேலே வந்து புயலோட பலத்தைக் குறைக்கும், ஒரு பிரேக் மாதிரி. இங்கே அந்த மூடி கலக்க விடாது. மூடிக்குக் கீழேயும் வெதுவெதுப்பான தண்ணியே இருக்குறதால, கலக்கினாலும் குளிர்ச்சி வர்றது கஷ்டம். பிரேக் சரியா பிடிக்காது. மூடி வலுவா இருக்குற மழைக்காலத்துக்குப் பிந்தைய மாசங்கள்தான் நம்ம புயல் சீசனும். புயல் வலுக்க வேற காரணங்களும் உண்டு, ஆனா இதுவும் முக்கியமான ஒண்ணு.

அதனால விஞ்ஞானிகள் இப்போ மிதவைக் கருவிகளை விட்டு, கடல்மேல் வெப்பத்தை மட்டுமில்லாம ஆழம் வாரியா உப்பையும் அளக்குறாங்க. அடுத்த நவம்பர்ல நம்ம கிளாஸ் குரூப்ல "நாளைக்கு லீவா?"ன்னு மெசேஜ் வரும்போது, அதுக்கான பதில்ல கொஞ்சம் உப்பும் இருக்குன்னு நினைச்சுக்கோங்க. கடலுக்குப் போன படகுகள் நேரத்துக்குக் கரை திரும்புறதும் அந்தக் கணக்கை நம்பித்தான்.