லாரிச் சரக்கைக் கடல் மார்க்கமாக அனுப்புதல்

குஜராத்தில் சௌராஷ்டிரப் பகுதிக்கும் சூரத்து நகரத்திற்கும் நடுவே காம்பே வளைகுடா குறுக்கிட்டு நிற்கிறது. பாவநகர் ஜில்லாவிலுள்ள கோகா துறையினின்று சூரத்தை அடுத்த ஹஜீராவுக்குத் தரைமார்க்கமாகச் செல்லும் லாரி, வளைகுடாவின் தலைப்பைச் சுற்றிக்கொண்டு சுமார் 370 கிலோமீட்டர் ஓடவேண்டும். கடல்வழித் தூரமோ சுமார் 90 கிலோமீட்டரே. 2020-ம் வருஷம் நவம்பர் மாதம் 8-ந் தேதி இவ்விரு துறைகளுக்குமிடையே வண்டிகளையும் ஜனங்களையும் ஏற்றிச் செல்லும் கப்பற் போக்குவரத்து ஆரம்பிக்கப்பட்டது. பத்துப் பன்னிரண்டு மணி நேரம் பிடித்த பிரயாணம் சுமார் நான்கு மணி நேரத்தில் முடியுமென்று அப்போது கணக்கிடப்பட்டது. கப்பலில் ஒரே தடவையில் 30 லாரிகள் கொள்ளும்.

லாரியானது சரக்குடன் கப்பலுக்குள் ஓடி ஏறி, அக்கரையில் அவ்வாறே இறங்கிவிடும். ஆகவே மூட்டைகளை இறக்கி ஏற்றும் கூலியுமில்லை. அதனால் நேரும் சேதமுமில்லை. வெங்காயத்திற்குப் பேர்போன மஹுவா முதலிய ஊர்களின் குடியானவர்களுக்கு இஃது அற்ப விஷயமன்று. கோணியில் அடைபட்ட வெங்காயம் உஷ்ணத்தால் வியர்த்து அழுகுமென்பதைப் பயிரிட்டோர் அறிவர்.

ஆயினும் கப்பல் மாத்திரம் இருந்தாற் போதாது. 2017-ம் வருஷம் அக்டோபரில் கோகாவுக்கும் எதிர்க்கரையிலுள்ள தஹேஜுக்குமிடையே தொடங்கப்பெற்ற முந்திய போக்குவரத்து, தஹேஜ் பக்கம் வண்டல் படிந்து ஆழம் குறைந்தமையால் 2019-ல் நிறுத்தப்பட்டது. நருமதை, மஹீ முதலிய நதிகள் மண்ணைக் கொண்டுவந்து சேர்க்கின்றன. அவ்வளைகுடாவில் ஓதத்தின் ஏற்றவற்றமும் மிகப் பெரிது. தூரெடுக்காத வாய்க்காலில் தண்ணீர் வாராதது போலவே, தூரெடுக்காத துறையில் கப்பலும் வாராது. அச்செலவை யார் ஏற்பதென்பதை முன்னரே தீர்மானியாமல் கப்பலை வாங்குவது, கிணறு வெட்டுமுன் கவலைமாடு வாங்குவதை ஒக்கும்.

வேகத்தைப் பற்றியும் ஆராய வேண்டும். நீரின் தடை காரணமாக, கப்பலின் வேகத்தை இருமடங்காக்க யந்திர சக்தி ஏறக்குறைய எட்டு மடங்கு தேவைப்படும். டீசற் செலவும் அதற்கேற்ப மிகும். காய்கறி, பழம், பால் ஆகியவற்றிற்கு அச்செலவு தகும். தானியம், பருத்தி, புண்ணாக்கு இவற்றிற்கு மெதுவாய்ச் செல்லும் கப்பலே போதும்.

கப்பற் கட்டணத்தை லாரி வாடகையோடு மாத்திரம் ஒப்பிடுவது பிசகு. மீதமாகும் டீசல், டயர்த் தேய்மானம், டிரைவர் சம்பளம் ஆகியவற்றை ஒரு பக்கத்திலும், ஊரிலிருந்து துறைவரை செல்லும் தூரம், துறையிற் காத்திருக்கும் நேரம் ஆகியவற்றை மறுபக்கத்திலும் வைத்துக் கணக்கிடல் வேண்டும். அரை லாரிச் சரக்குக்கும் முழுக் கட்டணமே ஆகுமாயின், சிறு குடியானவர் தனித்து அனுப்பி இலாபம் காணார். பலர் சரக்கையும் ஒரே லாரியில் சேர்த்தனுப்பவும், திரும்புகையில் உரமோ விதையோ ஏற்றிவரவும் கிராம அதிகாரிகள் ஏற்பாடு செய்தல் நலம். காற்றும் மழையும் மிகுந்த காலங்களில் கப்பல் புறப்படாமல் நின்றுவிடக்கூடுமாதலால், காய்களைப் பறிக்குமுன்பே துறையில் விசாரித்துக்கொள்வது அவசியமாகும்.