ஆயில் ஒழுகினால் என்ன செய்வது?

ஹேவ்லாக் ஒரு தீவு. அந்தமானில் இருக்கிறது. 2018 டிசம்பரில் இதற்கு ஸ்வராஜ் தீவு என்று பெயர் மாற்றினார்கள். பேச்சில் ஹேவ்லாக் என்ற பழைய பெயரும் இருக்கிறது.

கப்பலில் வருகிறவர்கள் கோவிந்த் நகர் பக்கம் உள்ள துறையில் இறங்குவார்கள். ராதாநகர் கடற்கரைக்குப் போவார்கள். சுமார் 12 கிலோமீட்டர் தூரம். அவர்களுக்காகக் கார், ஜீப், ஆட்டோ ஓடுகின்றன. வண்டி ஓடினால்தான் பல வீடுகளில் அடுப்பு எரியும்.

தீவில் வண்டி கெட்டுப்போனால் சிரமம் அதிகம். உதிரிப் பாகம் போர்ட் பிளேரில் இருந்து கடல் வழியே வர வேண்டும். 2024-இல் போர்ட் பிளேருக்கு ஸ்ரீ விஜய புரம் என்று பெயர் வைத்தார்கள். அங்கும் கிடைக்காவிட்டால் சென்னையில் இருந்தோ கொல்கத்தாவில் இருந்தோ வர வேண்டும். அதுவரை வண்டி நிற்கும். வருமானமும் நிற்கும்.

ஆகவே, சிறிய பழுதைச் சிறிதாக இருக்கும்போதே சரிசெய்ய வேண்டும். ஆயில் ஒழுகுவது அப்படி ஒரு பழுது.

ஒரு சொட்டுக் கணக்கு

இன்ஜினுக்குள் இரும்போடு இரும்பு உரசும். ஆயில் இருந்தால் தேயாது. சூடும் குறையும். ஆயில் இல்லாவிட்டால் இன்ஜின் இறுகி நின்றுவிடும். பிறகு பெரிய செலவு.

"ஒரு சொட்டுதானே!" என்று சிலர் சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு நிமிடத்துக்கு 1 சொட்டு என்று வைத்துக்கொள்வோம்.
ஒரு நாளைக்கு 1,440 சொட்டு.
30 சொட்டு சேர்ந்தால் 1 மில்லிலிட்டர் என்று கொள்வோம்.
ஒரு நாளைக்கு 48 மில்லிலிட்டர்.
21 நாளில் 1,008 மில்லிலிட்டர். அதாவது, 1 லிட்டருக்கும் மேல்.

சிறிய காரில் மொத்தமே சுமார் 3 லிட்டர் ஆயில்தான் இருக்கும். மூன்று வாரத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. ஒழுகும் ஆயில் சூடான புகைக்குழாயில் விழலாம். முதலில் புகை வரும். தீயும் பிடிக்கலாம்.

ஒழுகுவது ஆயில்தானா?

இரவில் வண்டிக்குக் கீழே அட்டையை விரித்து வையுங்கள். காலையில் பாருங்கள்.

பழுப்பு அல்லது கறுப்பு நிறம், வழுவழுப்பு: இன்ஜின் ஆயில்.
பச்சை, சிவப்பு அல்லது நீல நிறத் தண்ணீர்: ரேடியேட்டர் தண்ணீர்.
நிறமில்லாத வெறும் தண்ணீர்: ஏ.சி. தண்ணீர். பயம் இல்லை.
சக்கரத்தின் அருகே வெளிர் மஞ்சள் நிற ஆயில்: பிரேக் ஆயிலாக இருக்கலாம். வண்டியை எடுக்கவே கூடாது. மெக்கானிக்கை அழையுங்கள்.

எங்கிருந்து ஒழுகுகிறது?

ஒரு ஜீப் ஓட்டுநரும் வயதான மெக்கானிக்கும் பேசிக்கொள்கிறார்கள்.

ஓட்டுநர்: அண்ணே, கீழே ஆயில் சொட்டுது. அடியில இருக்கிற போல்ட்டை இறுக்கிட்டேன். அப்படியும் நிக்கல.

மெக்கானிக்: தம்பி, கூரை ஒழுகுறப்ப தண்ணி சுவத்து வழியா வந்து தரையில தேங்கும். தரையைப் பூசினா ஒழுகல் நிக்குமா?

ஓட்டுநர்: நிக்காது.

மெக்கானிக்: இதுவும் அப்படித்தான். மேலேயிருந்து கீழே வருது. வண்டி ஓடுறப்ப காத்து அதைப் பின்னால தள்ளும். ஈரம் எங்க ஆரம்பிக்குதுன்னு மேல பாரு.

ஓட்டுநர்: எல்லாமே ஆயிலா இருக்குதே!

மெக்கானிக்: இன்ஜின் ஆறட்டும். துணியால நல்லாத் துடை. அப்புறம் கொஞ்ச நேரம் ஓட விடு. நிறுத்திட்டு டார்ச் அடிச்சுப் பாரு. புதுசா ஈரம் தெரியுற இடம்தான் இடம்.

மேலிருந்து கீழாக இந்த வரிசையில் பாருங்கள்:

1. ஆயில் ஊற்றும் மூடி
2. டேப்பட் கவர். இது இன்ஜினின் தலையில் உள்ள மூடி
3. ஆயில் பில்டர்
4. அடியில் ஆயில் வடிக்கும் போல்ட்

பழைய வண்டிகளில் அடிக்கடி ஒழுகுவது டேப்பட் கவர்தான். அதன் கீழே ஒரு ரப்பர் பேக்கிங் இருக்கும. சூட்டில் அது வருடக்கணக்கில் வேகும். கடினமாகி வெடித்துவிடும். அந்த வழியே ஆயில் கசியும். இதை வீட்டிலேயே மாற்றலாம்.

இன்ஜினும் கியர் பெட்டியும் சேரும் இடத்தில் ஒழுகினால், அது பட்டறை வேலை. நீங்கள் கழற்ற வேண்டாம்.

சரியான பேக்கிங் வாங்க

வண்டிக்கு வண்டி பேக்கிங் மாறும். தவறானது வந்தால் திருப்பி அனுப்ப வேண்டும். ஆகவே, வண்டியின் ஆர்.சி.யைப் பார்த்து ஒரு சீட்டில் எழுதுங்கள்:

வண்டியின் பெயர், மாடல்
தயாரித்த மாதம், ஆண்டு
சேஸிஸ் எண்
இன்ஜின் எண்

எழுதியதை ஒரு முறைக்கு இரு முறை சரிபாருங்கள். ஓர் எண் மாறினாலும் வேறு பொருள் வந்துவிடலாம்.

மாற்றும் முறை

1. வண்டியைச் சமதளத்தில் நிறுத்துங்கள். கை பிரேக் போடுங்கள். சக்கரத்துக்குக் கல் வையுங்கள். இன்ஜின் முழுவதும் ஆற வேண்டும். பீடி, சிகரெட் வேண்டாம்.

2. பேட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றுங்கள்.

3. வழியை மறைக்கும் ஏர் கிளீனர், வயர்களை எடுங்கள். பிளக் வயர்களில் 1, 2, 3 என்று எண் எழுதி ஒட்டுங்கள். மாற்றி மாட்டினால் இன்ஜின் சரியாக ஓடாது.

4. டேப்பட் கவரைச் சுற்றியுள்ள மண்ணைத் துடையுங்கள். கடற்கரை மணல் இன்ஜினுக்குள் விழுந்தால் கெடுதல்.

5. போல்ட்டுகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். கழற்றிய வரிசையிலேயே காகிதத்தில் வையுங்கள்.

6. கவர் ஒட்டிக்கொண்டிருந்தால் மரக்கட்டையால் மெதுவாகத் தட்டுங்கள். ஸ்குரூ டிரைவரால் நெம்பாதீர்கள். கீறல் விழுந்தால் மறுபடி ஒழுகும்.

7. பழைய பேக்கிங்கை எடுங்கள். இரண்டு பக்கமும் சுத்தமான துணியால் துடையுங்கள்.

8. புதிய பேக்கிங்கைக் கவரின் பள்ளத்தில் பொருத்துங்கள். முறுக்கு இருக்கக் கூடாது. வண்டிப் புத்தகம் சொன்னால் மட்டும், சொன்ன இடத்தில் மட்டும் பசை தடவுங்கள்.

9. எல்லா போல்ட்டுகளையும் முதலில் கையால் திருகுங்கள். பிறகு சிறிய ஸ்பேனரால், நடுவில் தொடங்கி வெளிப்பக்கமாக, இரண்டு மூன்று சுற்றாக இறுக்குங்கள். எவ்வளவு இறுக்கலாம் என்பது வண்டிப் புத்தகத்தில் இருக்கும்.

அதிகம் இறுக்கினால் ஒழுகாது என்று நினைக்காதீர்கள். பேக்கிங் பிதுங்கும். கவர் வளையும். போல்ட் உடைந்து உள்ளே மாட்டிக்கொள்ளும்.

10. பிரீதர் பைப்பைப் பாருங்கள். இது இன்ஜின் மூச்சுவிடும் குழாய். இது அடைத்திருந்தால் உள்ளே அழுத்தம் ஏறும். புதிய பேக்கிங் வழியாகவும் ஆயில் வரும். அடைப்பை நீக்குங்கள்.

11. எல்லாவற்றையும் மாட்டுங்கள். அளவுக் குச்சியில் இரண்டு கோடுகள் இருக்கும். ஆயில் இரண்டுக்கும் நடுவில் இருக்க வேண்டும். மேல் கோட்டைத் தாண்டக் கூடாது.

12. பத்து நிமிடம் இன்ஜினை ஓடவிட்டுப் பாருங்கள். இரவில் மறுபடி அட்டை விரியுங்கள். காலையில் அட்டை சுத்தமாக இருந்தால் வேலை முடிந்தது.

பழைய ஆயிலை எங்கே போடுவது?

சாக்கடையில் ஊற்றாதீர்கள். மண்ணிலும் ஊற்றாதீர்கள். மழை அதை இழுத்துக்கொண்டு போகும். நம் கிணற்றிலும் கடலிலும் சேர்க்கும். பவளப் பாறைக்கும் மீனுக்கும் கேடு. பவளத்தையும் கடலையும் பார்க்கத்தான் பயணிகள் வருகிறார்கள்.

பழைய ஆயிலை மூடியுள்ள கேனில் சேருங்கள். பழைய ஆயில் சேகரிக்கும் பட்டறையில் கொடுங்கள். தரையில் சிந்தினால் மரத்தூள் போட்டு அள்ளுங்கள். ஆயில் துணியை நெருப்புக்கு அருகில் வைக்காதீர்கள். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

நினைவில் வையுங்கள்

ஓடும்போது சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தால் உடனே ஓரமாக நிறுத்துங்கள். இன்ஜினை அணையுங்கள்.
ஜாக்கி மட்டும் தாங்கும் வண்டிக்கு அடியில் நுழையாதீர்கள்.
வாரம் ஒரு முறை அளவுக் குச்சியைப் பாருங்கள்.

பதில் சொல்லுங்கள்

1. கீழே சொட்டும் இடம்தான் ஒழுகும் இடமா? ஏன்?
2. போல்ட்டை அதிகம் இறுக்கினால் என்ன ஆகும்?
3. நிமிடத்துக்கு 2 சொட்டு ஒழுகினால் ஒரு வாரத்தில் எவ்வளவு ஆயில் போகும்?
4. உங்களுக்குத் தெரிந்த ஒரு வண்டியின் ஆர்.சி.யைப் படியுங்கள். பேக்கிங் வாங்க ஒரு சீட்டு எழுதுங்கள்.
5. உங்கள் ஊரில் பழைய ஆயிலை என்ன செய்கிறார்கள்? கூடிப் பேசுங்கள்.