அருவிக்கரையில் ஒரு மறுப்பு

தென்காசி

அன்புள்ள கோமதிக்கு,

சாமி பயம் இல்லாதவளை எப்படி நம்புவது என்று ஆச்சி கேட்டதை எழுதியிருந்தாய். உன் விடுதித் தோழி கடவுள் இல்லை என்கிறாள், ஆனால் யாருக்கும் தீங்கு நினையாதவள் என்றும் எழுதியிருந்தாய். இதை யோசிக்கக் குற்றாலமே போதும்.

1934 ஜனவரியில் காந்தி தீண்டாமை ஒழிப்புப் பயணமாக நம் பக்கம் வந்தார். தாழ்த்தப்பட்டவர்களைக் குற்றால அருவியில் குளிக்க விடுவதில்லை என்று அறிந்ததும் தாமும் குளிக்க மறுத்துவிட்டார். அதே பயணத்தில், ஜனவரி 24 அன்று திருநெல்வேலியில் பேசியபோது, ஒன்பது நாள் முன்பு பீகாரைப் புரட்டிப்போட்ட நிலநடுக்கம் தீண்டாமைப் பாவத்துக்குக் கடவுள் தந்த தண்டனை என்றார். தாகூருக்குப் பொறுக்கவில்லை. அவரும் தீண்டாமையை வெறுத்தவர், கடவுளை நம்பியவர். ஆனாலும் இயற்கை நிகழ்வுக்கு இயற்கைக் காரணமே உண்டு என்று மறுத்து எழுதினார். அந்த மறுப்பைக் காந்தி தம் 'ஹரிஜன்' இதழிலேயே வெளியிட்டார். அந்தப் பெருந்தன்மையையும் நீ கவனிக்க வேண்டும்.

பீகாரில் பச்சைக் குழந்தைகளும் மாண்டார்கள். அவர்கள் என்ன பாவம் செய்தார்கள்? பூமி ஏன் அசைந்தது என்று நிலவியல் விளக்கியதும் தண்டனை வாதம் சரிந்துவிடுகிறது. தீண்டாமை கொடுமை என்பது மட்டும் அப்படியே நிற்கிறது. குற்றாலத்தில் காந்தி செய்த மறுப்புக்கு எந்த முட்டும் தேவைப்படவில்லை. பக்கத்து மனிதனுக்குக் கிடைக்காத தண்ணீர் எனக்கும் வேண்டாம் என்றால் ஆச்சிக்கும் விளங்கும், உன் தோழிக்கும் விளங்கும்.

காந்தியை நடத்தியது கடவுள் நம்பிக்கைதானே என்பாய். ஆமாம், அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் அருவியை மறித்தவர்களும் சாமி கும்பிட்டவர்களே, கோமதி.

ஆந்திரத்துக் கோராவோ நாத்திகர். தீண்டாமைக்கு எதிராக ஊர் ஊராக உழைத்தவர். காந்தி அவரைச் சேவாகிராமத்துக்கு வரவழைத்துப் பேசினார். கோராவின் மகளுக்கும் தாழ்த்தப்பட்ட வகுப்பு இளைஞர் ஒருவருக்கும் தம் ஆசிரமத்திலேயே திருமணம் நடத்த இசைந்தார். 1948 மார்ச்சில் அது நடந்தபோது காந்தி உயிருடன் இல்லை.

ஆச்சியிடம் வாதம் செய்யாதே. அவள் சாமி பயத்தைச் சொல்லி எங்களை வளர்த்ததெல்லாம், யாரும் பார்க்காத இடத்திலும் ஒழுங்காக நடக்க வேண்டும் என்பதற்காகத்தான். அந்த ஒழுங்கு உன் தோழிக்கு எப்படி வந்தது என்று அவளிடமே கேட்டு எனக்கு எழுது.

அன்புடன்,
மாமா