உன் கைக்கு எதிரே இன்னொரு கை

ஐந்தருவி, குற்றாலம்

அன்பு மருமகளுக்கு,

தாய் சி கற்கப்போவதாக எழுதியிருந்தாய். உடற்பயிற்சிக்காக அல்ல, சண்டைக் கலையாகவே வேண்டும் என்கிறாய். நல்ல ஆசைதான்.

பூங்காவில் பெரியவர்கள் மெல்லக் கையசைப்பதைப் பார்த்து, இதில் சண்டை எங்கே இருக்கிறது என்று கேட்டிருக்கிறாய். அவர்கள் பெரும்பாலும் செய்வது 24 அசைவு வரிசை. 1956-இல் சீன அரசின் விளையாட்டுத் துறை யாங் மரபிலிருந்து பொதுமக்களுக்காகச் சுருக்கித் தந்தது அது. கலையின் வேர் ஹெனான் மாகாணத்துச் சென் கிராமத்தில் இருக்கிறது. அங்கே போய்க் கற்ற யாங் லுசான்தான் 19-ஆம் நூற்றாண்டில் அதைப் பெய்ஜிங்குக்குக் கொண்டுபோனார். சென் மரபில் இன்றும், மெல்ல நகரும் கை சட்டென்று வெடித்து அடிக்கும். கால் ஓங்கித் தரையை மிதிக்கும்.

பிறகு மெதுவாகச் செய்வது எதற்கு? வேகம் நம் தள்ளாட்டத்தை மறைத்துவிடும். ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு எடை முழுதாக மாறும்போது இடுப்பு எங்கே இறுகுகிறது, தோள் எப்போது தூக்கிக்கொள்கிறது என்பதெல்லாம் மெதுவாகச் செய்தால்தான் பிடிபடும். முழங்கால் மட்டும் பாதம் பார்க்கும் திசையிலேயே மடங்கட்டும். உள்பக்கம் திருகிப் பழகிவிட்டால் மூட்டு வலிதான் மிஞ்சும்.

சாரல் காலத்தில் இங்கே அருவியில் குளித்தவளுக்கு எப்படி நிற்க வேண்டும் என்பதைச் சொல்வது எளிது. தண்ணீர் தோளில் விழுந்ததும் பயந்து விறைப்பவரை அருவி தள்ளிவிடும். கம்பியைப் பிடித்தபடியே முழங்காலை இளக்கி, மூச்சை அடக்காமல் நின்றால், பாரம் முதுகு வழியே குதிகாலுக்கு இறங்கும். தாய் சி கேட்கும் நிலையும் இதுதான். ஆனால் அருவி ஏமாற்றாது, மேலிருந்துதான் விழும். மனிதன் ஏமாற்றுவான்.

அதற்குத்தான் இருவர் சேர்ந்து செய்யும் தள்ளுகைப் பயிற்சி. மணிக்கட்டோடு மணிக்கட்டு ஒட்டியே இருக்கும். எதிரே நிற்பவர் தள்ளினால் எதிர்த்து முட்டவும் கூடாது, விலகி ஓடவும் கூடாது; இடுப்பைத் திருப்பி அந்த விசையைப் பக்கவாட்டில் போகவிட்டு, அவர் நிலை குலையும் கணத்தில் தள்ள வேண்டும். முதலில் பாதம் நகராமல் பழகுவார்கள், பிறகு நடந்துகொண்டே. இதில்லாமல் வரிசையை மட்டும் ஆண்டுக்கணக்கில் செய்தவர், சண்டை கற்றதாக நினைத்துக்கொண்டிருக்கிறார், அவ்வளவுதான்.

தொடாமலே ஆளை வீழ்த்தும் உள்சக்தி என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு வந்துவிடு. 2017-இல் தாய் சி ஆசான் என்று பெயர்பெற்ற வெய் லேய், செங்டு நகரில் ஷு சியாவ்டாங் என்ற கலப்புச் சண்டை வீரரோடு மோதினார். அரை நிமிடம்கூட ஆகவில்லை, தரையில் கிடந்தார். தோற்றது கலையா, அந்த மனிதரா என்று சீனாவில் பெரிய வாக்குவாதமே நடந்தது. உள்ளே இருப்பதாகச் சொல்வதை எதிராளியிடம் சோதிக்காமல் விட்டால் முடிவு இப்படித்தான் என்பேன்.

நம் தெற்குச் சீமையின் வர்மக்கலையையும் பார். உடலின் வர்மப் புள்ளிகளைப் படுவர்மம் 12, தொடுவர்மம் 96, ஆக 108 என்று ஏடுகள் எண்ணித் தருகின்றன. இடத்தை விரற்கடையால் அளந்துவிடலாம். எவ்வளவு அழுத்துவது என்பதற்கும் கால், அரை, முக்கால், முழு மாத்திரை என்று கணக்கு உண்டு. அந்த அரை மாத்திரையை ஏட்டில் படித்து எப்படித் தெரிந்துகொள்வாய்? ஆசான் உன் கையில் அழுத்திக் காட்ட வேண்டும், நீ அவர் கையில் அழுத்த வேண்டும், அவர் 'கூடிப்போச்சு' என்று சொல்ல வேண்டும். அடிக்கக் கற்பவர் அடிபட்டவரைத் தேற்றும் இளக்குமுறையையும் கற்றாக வேண்டும் என்பது நம் மரபு. தாய் சியைவிட இந்த ஒரு விஷயத்தில் நம்மவர்கள் ஒருபடி மேலே என்பது என் கட்சி. மாமன் ஊர்ப்பாசத்தில் பேசுகிறேன் என்று வைத்துக்கொள்.

ஆசிரியர் தேடும்போது சுவரில் மாட்டிய சான்றிதழ்களைப் பார்க்காதே. ஒரு வகுப்பு முழுக்க ஓரமாக உட்கார்ந்து கவனி. மாணவர்கள் தன்னைத் தள்ளிப் பார்க்க அவர் விடுகிறாரா? எல்லாரும் அவர் தொட்டதுமே பறந்து விழுகிறார்களா, இல்லை ஒருவராவது ஊன்றி நிற்கிறாரா? புதிதாக வந்தவரின் முழங்காலைக் குனிந்து திருத்துகிறாரா? இதையெல்லாம் பார்த்த பிறகு பணம் கட்டு, அதுவும் ஒரு மாதத்துக்கு மட்டும்.

அன்புடன்,
மாமா