ஐந்து அதிசாரங்களும் ஒரு குதிரையின் கால் மூட்டும்

இல்லறத்தார் மேற்கொள்ளும் கொல்லாமை அணுவிரதத்திற்கு ஐந்து அதிசாரங்கள் உண்டென்பது நம் இல்லங்களில் சிறுவரும் அறிந்த பாடம். கட்டி வைத்தல், அடித்தல், உறுப்பை அறுத்தல், அளவுக்கு மிஞ்சிப் பாரம் ஏற்றுதல், உணவும் நீரும் மறுத்தல் என உமாசுவாமிகள் தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில் இவற்றை வகுத்துள்ளார். ஒப்பிக்கச் சொன்னால் ஒப்பித்துவிடுகிறோம். ஆனால் ஒரு விலங்கைக் காக்கும்பொருட்டே அதனைக் கட்டவும் அறுக்கவும் அதன் தீனியைக் குறைக்கவும் நேர்ந்தால், விரதம் பழுதுபடுமா? இவ்வினாவை மூட்டு அறுவைச் சிகிச்சைக்கு உள்ளான ஒரு குதிரையைக் கொண்டு ஆராய்வோம். குதிரை மூன்றாம் தீர்த்தங்கரராகிய சம்பவநாதரின் இலாஞ்சனம். மனத்தோடு கூடிய ஐம்பொறி உயிர். வலியும் அச்சமும் அதற்கு நம்மைப் போலவே உண்டு.

2006ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்காவில் பார்பரோ என்னும் மூன்று வயதுப் பந்தயக் குதிரை, ஓட்டத்தின் நடுவே வலப் பின்னங்காலை முறித்துக்கொண்டது. குளம்புக்கு மேலுள்ள கணுமூட்டு இடம்பெயர்ந்து, அதன் கீழெலும்பு இருபதுக்கும் மேற்பட்ட துண்டுகளாகச் சிதறியது. பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த நியூ போல்டன் கால்நடை மருத்துவ நிலையத்தில், டாக்டர் டீன் ரிச்சர்ட்சன் தலைமையில் மறுநாளே அறுவை நடந்தது. உலோகத் தகட்டையும் திருகாணிகளையும் கொண்டு மூட்டுகளை அசையாதபடி இணைத்தனர். மயக்கம் தெளியும்போது குதிரை திமிறி எழுந்து, பொருத்திய எலும்பை மீண்டும் முறித்துக்கொள்ளக்கூடும். ஆதலால் அதனை ஒரு மிதவையில் தாங்கி, வெந்நீர்க் குளத்தில் மிதக்கவிட்டுக் கண்விழிக்கச் செய்தனர்.

மனிதனுக்கு மூட்டு அறுவை நடந்தால் படுக்கையில் கிடத்தி வைக்கலாம். குதிரைக்கு அது இயலாது. ஏறத்தாழ ஐந்நூறு கிலோ எடையுள்ள அவ்வுடல் நெடுநேரம் படுத்திருந்தால் நுரையீரலும் தசைகளும் கெடும். நின்றுகொண்டேதான் அது நலம்பெற வேண்டும். நிற்கும்போது நோயுற்ற காலை ஊன்றாமல், எதிர்க்காலில் முழுப் பாரத்தையும் சுமத்தும். அக்காலின் குளம்பினுள்ளே எலும்பையும் குளம்புச் சுவரையும் பிணைக்கும் மென்தகடுகள், குருதியோட்டம் குன்றி அழன்று பிரிந்துவிடும். லாமினைடிஸ் எனப்படும் இந்நோயே அறுவையினும் கொடியது. மிகைப்பாரம் ஏற்றுதல் என்னும் அதிசாரத்தை வண்டிக்கும் பொதிக்கும் மட்டுமே உரியதென்று எண்ணியிருந்தோம். இங்கோ நலமான காலின் மீது அவ்விலங்கின் உடலே மிகைப்பாரமாகிறது. ஆகவேதான் எதிர்க்காலுக்கும் தாங்குகட்டு இடுகின்றனர். அதன் குளம்பின் அடியில் மெத்தென்ற தாங்கி பொருத்துகின்றனர். தரையில் வைக்கோலையோ மரத்தூளையோ ஆழமாகப் பரப்புகின்றனர். நாள்தோறும் குளம்பைத் தொட்டு வெப்பம் ஏறியுள்ளதா என்றும் பார்க்கின்றனர். வலி நீக்கும் மருந்தும் இதற்குத் துணையே. வலி குறைந்தால் நோயுற்ற காலையும் ஓரளவு ஊன்றும். அம்மருந்து அளவு மீறினாலோ வயிற்றிலும் குடலிலும் புண் உண்டாகும்.

இனிக் கட்டி வைத்தல். அறுவைக்குப் பின் குதிரையை இலாயத்தின் சிற்றறைக்குள் வாரக்கணக்கில் அடைத்தே வைக்கின்றனர். பார்பரோவுக்கு நேர்ந்ததைப் போன்ற முறிவின்றி, மூட்டினுள் பெயர்ந்த சிறு எலும்புச் சில்லைத் துளைவழியே அகற்றும் எளிய அறுவைக்கும் இவ்வடைப்பு வேண்டும். தையல் பிரிக்கவே பத்து முதல் பதினான்கு நாள் ஆகும். ஆயினும் முற்றும் அசையாதிருந்தால் மூட்டு இறுகிவிடும். குருத்தெலும்புக்குத் தனியே இரத்தக் குழாய் இன்மையால், அசைவினால் சுழலும் மூட்டுநீரே அதற்கு உணவு. எனவே மருத்துவர் குறித்த நாள்முதல் தலைக்கயிற்றைக் கையில் பற்றிச் சில நிமிடம் நடத்துகின்றனர். வாரந்தோறும் அந்நேரத்தைக் கூட்டுகின்றனர். ஓடவிடுவது மிகப் பின்னர்தான். அடைபட்ட குதிரை தனிமையால் மனம் நொந்து மரத்தைக் கடிக்கும், ஓயாது தலையை ஆட்டும். இன்னொரு குதிரை அதன் கண்ணில் படும்படி இலாயம் அமைந்தால் நன்று. கட்டுதலில் அன்பு உண்டா இல்லையா என்பதை இத்தகைய சிறு செயல்களே காட்டுகின்றன.

உணவைக் குறைத்தலும் இவ்வாறே. ஓடாத குதிரைக்கு ஓடும் காலத்துக் கொள்ளும் தானியமும் இட்டால், குடல் கெட்டு மென்தகட்டு அழற்சியும் வரக்கூடும். குதிரையால் வாந்தியெடுக்க இயலாது. வயிற்றுச் சூலை அதன் உயிருக்கே உலையாகும். ஆதலின் தானியத்தைக் குறைத்து, உலர்புல்லைச் சிறிது சிறிதாகப் பலமுறை இட்டு, நீரை என்றும் நிறைய வைத்து, சாணம் ஒழுங்காக விழுகிறதா என்று எண்ணிப் பார்க்கின்றனர். பட்டினி போடுவோன் சாணத்தை எண்ணமாட்டான்.

அறுத்தலைப் பற்றி நம் ஆசாரியரே விடை தந்துள்ளார். பூஜ்யபாதர் சர்வார்த்தசித்தி உரையில், துறவியின் கட்டியைக் கருணையோடு கத்தியால் கீறும் மருத்துவனை எடுத்துக்காட்டுகிறார். வலி உண்டாயினும், அப்புறச் செயல் ஒன்றினாலேயே அவனுக்குத் தீவினை சேர்வதில்லை என்பது அவர் கருத்து. அசட்டையோடு கூடிய செயலால் உயிர்ப்பிராணனைச் சிதைப்பதே இம்சை என்பது சூத்திரம். இதன் மறுபக்கத்தையும் நாம் மறக்கலாகாது. கத்தியே தொடாதவன், கட்டு இறுகியிருப்பதைப் பாராமல் உறங்கிவிட்டால் அவனும் இம்சை செய்தவனே.

பார்பரோ எட்டு மாதம் போராடியது. 2006 ஜூலையில் இடப் பின்னங்காலில் மேற்சொன்ன நோய் கண்டு, குளம்புச் சுவரின் பெரும்பகுதியை அகற்ற நேர்ந்தது. உடலைத் தூளியில் தாங்கினர். ஆகஸ்டில் வெளியே நடந்து புல் மேய்ந்தது; நவம்பரில் வலக்கால் மாக்கட்டும் நீக்கப்பட்டது. பின்னர் முன்னங்கால்கள் இரண்டிலும் அந்நோய் பரவவே, நிற்பதற்கு ஒரு காலும் நலமாக இல்லாமற் போயிற்று. 2007 ஜனவரி 29 அன்று ஊசியிட்டு அதன் உயிரை முடித்தனர்.

இவ்விடத்தில் நம் நெறி வேறுபடுகிறது. துன்புறும் உயிரைக் கொன்றால் அது விரைவில் துன்பம் நீங்கும் என்னும் வாதத்தை, அமிர்தசந்திரர் புருஷார்த்தசித்தியுபாயத்தில் வெளிப்படையாகவே மறுக்கிறார். சல்லேகனையோ தானே விரும்பி ஏற்பது. பிறர்மேல் வலிந்து சுமத்துவதன்று. வலியைத் தணித்து, இறுதிவரை உடனிருப்பதே சிராவகன் செய்யத்தக்கது என்பது என் துணிபு. ஆயினும் எட்டு மாதம் இரவுபகல் காத்த அம்மருத்துவர்களைப் பழிக்க எனக்கு மனம் வரவில்லை.

அக்குதிரைக்கு நேர்ந்த இம்சை ஊசியில் தொடங்கவில்லை. மூன்று வயதில் அதனை முழு வேகத்தில் ஓட்டிய களத்தில் தொடங்கியது. அக்களத்தை நடத்துவது பணயம்; சூது ஏழு வியசனங்களில் முதலாவது. செய்தல், செய்வித்தல், உடன்படல் ஆகிய மூன்றும் வினைக்கட்டுக்குக் காரணம் என்று படிக்கிறோம். பந்தயச் சீட்டு வாங்கியவன் இம்மூன்றில் எதில் நிற்கிறான் என்பதைப் பிள்ளைகளே கூறட்டும்.