மிதவைப் படகு வாங்கும் முன்

சாமுண்டி மலையின் தேவிகெரேயில் நடைபெறும் தெப்போற்சவத்தை மைசூர்த் தமிழர்களில் பலர் கண்டிருப்பீர்கள். மதுரை, திருவாரூர்த் தெப்பத் திருவிழாக்களைப் பார்த்து வளர்ந்தவர்களும் நம்மிடையே உண்டு. காலி டிரம்களை வரிசையாகப் பிணைத்து, மேலே மேடை அமைத்தால் அது மிதக்கும் தெப்பம். டிரம்களுக்குப் பதில் இரண்டு நீண்ட அலுமினிய உருளைகள், மேடையில் இருக்கைகள், பின்புறம் ஒரு மோட்டார் என்று வைத்தால் அதுவே 'பாண்டூன்' எனப்படும் மிதவைப் படகு. 1950களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் ஆம்ப்ரோஸ் வீரஸ் என்பவர், இரும்புப் பீப்பாய்களை ஒன்றோடொன்று பற்றவைத்து, மேலே மரமேடை அமைத்து இத்தகைய படகைச் செய்தார்.

மைசூருக்கு அருகே ஏரிக்கரையில் சிறு விடுதி நடத்தும் என் மைத்துனர், "அத்தான், நீங்கள் பட்டறையில் வேலை பார்த்தவர், படகு பார்க்கக் கூட வாருங்கள்" என்று அழைத்தார். விற்பனையாளரிடம் நாங்கள் கேட்டவற்றையும் பார்த்தவற்றையும் வரிசையாகத் தருகிறேன். படகு வாங்காதவர்களுக்கும் இது பயன்படும். விடுமுறையில் குழந்தைகளோடு படகில் ஏறாத குடும்பம் எது?

1. முதலில் தண்ணீரைப் பாருங்கள்

ஒகேனக்கல்லிலும் தலக்காட்டிலும் நாம் ஏறும் பரிசல், ஆழமில்லாத ஆற்று நீருக்கு ஏற்றது. தேங்கி நிற்கும் அகலமான நீருக்கு மிதவைப் படகு நல்லது. ஆனால் பக்கங்கள் உயர்ந்து, மேலே கூரையும் இருப்பதால் காற்று அதை எளிதில் தள்ளும். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் இதை மறக்கக் கூடாது. கபினி நீர்த்தேக்கத்தைப் போல நீருக்குள் பட்டமரங்கள் நிற்கும் இடமானால், உருளையின் தகடு தடிமனாக இருக்க வேண்டும்.

2. இருக்கையை எண்ணாதீர்கள், எடையைக் கணக்கிடுங்கள்

நாங்கள் பார்த்த படகில் இருபது பேர் தாராளமாக உட்காரலாம். உட்கார இடமிருக்கிறது என்பதற்காக அத்தனை பேரையும் அது சுமக்கும் என்று பொருளில்லை. பள்ளிக்கூடத்தில் படித்த ஆர்க்கிமிடீஸ் தத்துவம் இங்கே கைகொடுக்கும்.

உருளையின் குறுக்களவு 60 செ.மீ., நீளம் 6 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஆரம் 0.3 மீட்டர். கன அளவு 3.14 × 0.3 × 0.3 × 6, அதாவது ஏறத்தாழ 1.7 கன மீட்டர். ஒரு கன மீட்டர் நீரின் எடை 1,000 கிலோ. ஆகவே, இரண்டு உருளைகளும் முழுவதும் அமிழ்ந்தால் 3,400 கிலோ தாங்கும். முழுவதும் அமிழ விட முடியுமா? பாதிதான் அமிழலாம் என்று வைத்தால் 1,700 கிலோ. படகு, மோட்டார், எரிபொருள், இருக்கைகள் எல்லாம் சேர்ந்து 800 கிலோ என்றால், மீதி 900 கிலோ. ஆளுக்கு 75 கிலோ வீதம் பன்னிரண்டு பேர். படகோட்டியும் அதில் அடக்கம்!

இது தோராயக் கணக்குத்தான். தயாரிப்பாளர் எழுத்தில் தரும் அளவே முடிவானது. ஆனால் அந்த அளவு நம் கணக்கைவிட மிக அதிகமாக இருந்தால் காரணம் கேளுங்கள்.

3. உருளைக்குள் என்ன இருக்கிறது?

ஒரே வெற்றுக் குழாயாக இருந்தால், ஒரு ஓட்டை போதும், அந்தப் பக்கம் முழுவதும் நீர் புகுந்துவிடும். உள்ளே தடுப்புகள் வைத்துத் தனித்தனி அறைகளாகப் பிரித்திருந்தால் ஓர் அறை கெட்டாலும் மற்றவை தாங்கும். எத்தனை அறைகள் என்று கேளுங்கள். பற்றவைத்த இடங்களில் சோப்பு நீர் தடவி, உள்ளே காற்றடைத்துக் குமிழி வருகிறதா என்று காட்டச் சொல்லுங்கள். சைக்கிள் கடையில் பஞ்சர் பார்க்கும் அதே முறைதான்.

4. மேல்மாடி வேண்டாம்

'மாடி வைத்தால் காட்சி நன்றாகத் தெரியும், கூடுதல் கட்டணம் வாங்கலாம்' என்று ஆசை காட்டுவார்கள். உயரத்தில் எடை ஏற ஏறப் படகு கவிழும் வாய்ப்பும் ஏறும். 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் கவிழ்ந்தது இரண்டடுக்குப் படகு. 45 பேர் இறந்தனர். விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரே பக்கம் திரண்டதாக அப்போது செய்திகள் வந்தன. 2023 மே 7 அன்று கேரளத்தின் தானூரில் கவிழ்ந்ததும் இரண்டடுக்குப் படகுதான். மீன்பிடிப் படகை உல்லாசப் படகாக மாற்றியிருந்தார்கள். 22 உயிர்கள் போயின. எனவே, படகு எந்த வேலைக்காகக் கட்டப்பட்டது என்பதையும் கேட்டறிவது அவசியம்.

5. மோட்டாரும் காகிதங்களும்

மோட்டாருக்கும் உருளைகளுக்கும் தனித்தனியே உத்தரவாதம் எழுதி வாங்குங்கள். பழுது பார்க்க ஆள் மைசூருக்கு வருவாரா, அல்லது மோட்டாரைக் கழற்றிக்கொண்டு நாம் வேறு ஊருக்கு ஓட வேண்டுமா? இதை முன்பணம் கொடுக்கும் முன் கேட்க வேண்டும். 2021ஆம் ஆண்டின் உள்நாட்டு நீர்க்கலங்கள் சட்டப்படி இயந்திரப் படகுகளுக்கு ஆய்வுச் சான்றிதழும், பதிவும், காப்பீடும் வேண்டும். ஏரி யாருடைய பொறுப்பில் உள்ளதோ அவர்களின் அனுமதி தனி.

6. ஓட்டிப் பார்த்து வாங்குங்கள்

மைத்துனரிடம் நான் வற்புறுத்தியது இதுதான். பன்னிரண்டு பேரின் எடைக்கு மணல் மூட்டைகளை ஏற்றி, கரையோரமாக நிறுத்தி, மூட்டைகளைச் சிறிது சிறிதாக ஒரு பக்கம் நகர்த்திப் பார்க்க வேண்டும். எவ்வளவு சாய்கிறது என்பது கண்ணுக்கே தெரிந்துவிடும். விற்பனையாளர் முதலில் தயங்கினார், பிறகு ஒப்புக்கொண்டார். பார்த்தபின், நான்கு இருக்கைகளைக் குறைத்து, 'படகோட்டி உட்பட 12 பேர்' என்று இரு பக்கமும் பெரிய எழுத்தில் எழுதித் தரவேண்டும் என்ற நிபந்தனையோடு மைத்துனர் முன்பணம் கொடுத்தார்.

உயிர்காப்பு அங்கிகளைப் படகின் விலையோடு சேர்த்தே கணக்கிடுங்கள். பெரியவர் அங்கி குழந்தையின் தலைவழியே கழன்றுவிடும், ஆகவே சிறுவர் அளவிலும் வாங்க வேண்டும். 2024 ஜனவரி 18 அன்று வதோதராவின் ஹர்ணி ஏரியில் உல்லாசப் பயணம் வந்த 12 மாணவர்களும் 2 ஆசிரியைகளும் இறந்தனர். படகில் ஏறியவர்கள் பலருக்கு அங்கி இல்லை.

அடுத்த முறை நீங்கள் குடும்பத்தோடு படகுத்துறையில் நிற்கும்போது மூன்றைப் பாருங்கள்: எத்தனை பேருக்கு அனுமதி என்று எழுதியிருக்கிறதா? அதற்கு மேல் ஏற்றுகிறார்களா? உங்கள் குழந்தைக்குப் பொருந்தும் அங்கி உண்டா? ஒன்று குறைந்தாலும் சீட்டுப் பணம் போனால் போகிறது என்று அடுத்த படகுக்குக் காத்திருங்கள்.